சூடேற்றும் கைப்பிடியை இயக்கினால் ஆக்சிலரேட்டர் தானாகத் திரும்புவதில்லை: காரணம் என்ன?

கேள்வி: குளிர்ப்பயணி, ஹட்டர்ஸ்ஃபீல்டு

வணக்கம். இங்கிலாந்தின் வடபகுதியில் வசிக்கிறேன். வேலைக்காக எம்62 நெடுஞ்சாலை வழியே மான்செஸ்டர் வரை மோட்டார் சைக்கிளில் சென்று வருகிறேன். அந்தச் சாலை 22ஆம் சந்திப்புக்கு அருகே விண்டி ஹில்லில் 372 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. குளிர்காலத்தில் அங்கே அடிக்கும் ஈரக்காற்றில் தடித்த கையுறை அணிந்தும் விரல் மரத்துப்போவதால், கைப்பிடிச் சூட்டை முழு அளவில் வைத்தே ஓட்டுகிறேன்.

வண்டி 500 சிசி வகுப்பைச் சேர்ந்த இரட்டை சிலிண்டர் வண்டி. பெட்ரோலைக் காற்றுடன் கலந்து தரும் பழைய முறையான கார்புரேட்டர் இல்லை, எரிபொருள் உட்செலுத்தும் முறை. ஆக்சிலரேட்டருக்குத் திறக்க ஒன்றும் மூட ஒன்றுமாக இரண்டு கேபிள்கள் உள்ளன. சூடேற்றும் கைப்பிடிகளை முந்தைய உரிமையாளரே பொருத்தியிருந்தார்.

காலையில் வண்டியை எடுக்கும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் சட்டென்று திரும்பிவிடுகிறது. சூட்டை முழு அளவில் வைத்துச் சிறிது தூரம் சென்ற பிறகு, கையைத் தளர்த்தினாலும் கைப்பிடி இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது; நானே முன்னோக்கித் திருப்பி மூட வேண்டியிருக்கிறது. சூட்டை அணைத்துவிட்டுச் சற்று நேரம் ஓட்டினால் மீண்டும் சரியாகிவிடுகிறது. கேபிள்களுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தும் மாற்றமில்லை. கைப்பிடிகள் அதிக மின்சாரம் இழுப்பதால் எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி குழம்புகிறது என்று இங்குள்ள ஒரு மெக்கானிக் சொல்கிறார். இது சாத்தியமா?

மறுமொழி: கேபிள்காரர்

முதலில் ஒரு வேண்டுகோள். ஆக்சிலரேட்டர் தானாக மூடாத வண்டியைச் சரிசெய்யும்வரை சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வழியில் சிக்கிக்கொண்டால் கிளட்சைப் பிடித்து, வலப்பக்கம் இருக்கும் சிவப்பு சுவிட்சால் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓரங்கட்டுங்கள்.

மெக்கானிக் சொன்ன காரணம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. கேபிள் வண்டியில் கைப்பிடியைப் பிடித்து நிறுத்திவைக்கக் கணினிக்கு எந்த வழியும் இல்லை. இவ்வகைக் கோளாறில் முதலில் பிரித்தறிய வேண்டியது ஒன்றுதான்: கைப்பிடியே திரும்ப மறுக்கிறதா, அல்லது கைப்பிடி திரும்பிய பின்னும் எஞ்சின் வேகம் குறையாமல் இருக்கிறதா? இரண்டாவது என்றால் திராட்டில் வால்வு (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் அடைப்பு), ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை முறுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) கட்டுப்பாடு, காற்றுக் கசிவு என்று எஞ்சின் பக்கம் தேடலாம். உங்களுடையது முதல் வகை என்பதால், உராய்வு ஹேண்டில்பாரிலோ கேபிளிலோதான் இருக்க வேண்டும்.

கேபிளுக்குள் நீர் புகுந்து உறைவதும், பழைய கிரீஸ் குளிரில் கெட்டிப்படுவதும் குளிர்காலத்தில் வழக்கம்தான். ஆனால் அவை குளிர்ந்த நிலையில் தொல்லை கொடுத்து வெப்பம் ஏறியதும் விலகும். உங்களுக்கு நேர் எதிராக நடப்பதால் கேபிளை நான் கடைசியில்தான் சந்தேகிப்பேன். கேபிளையும் சோதித்துவிட, கைப்பிடி சிக்கியிருக்கும்போது ஹேண்டிலை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை திருப்பினால் ஏதேனும் மாற்றம் தெரிகிறதா?

குளிர்ப்பயணி: வண்டியை நிறுத்திவைத்துச் சோதித்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மறுமொழி: பட்டறைக் கை, பர்மிங்ஹாம்

தம்பி, கேபிளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இத்தகைய கைப்பிடிகளை நெடுங்காலமாகப் பொருத்தி வருகிறேன். சூடானால் மட்டும் இறுகுவதற்கு நான் பார்த்த பொதுவான காரணம் இடைவெளி இல்லாமைதான்.

வலது கைப்பிடியின் ரப்பர் நேராக ஹேண்டில்பாரின் மேல் உட்காருவதில்லை. 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாயின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழல் சுழல்கிறது. அதன் மேல்தான் ரப்பர் ஒட்டப்படுகிறது. அந்தக் குழலின் உட்பக்கத்தில் சுவிட்ச் பெட்டியும் வெளிப்பக்கத்தில் ஹேண்டில்பார் முனை எடையும் (அதிர்வைக் குறைக்க நுனியில் திருகப்படும் உலோகக் கட்டி) இருக்கின்றன. இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி இருக்க வேண்டும். கைப்பிடி குழலைவிடச் சற்று நீளமாக இருந்தாலோ, ஒட்டும்போது வெளிப்பக்கமாக நின்றுவிட்டாலோ, குளிர்ந்த நிலையில் மயிரிழை இடைவெளிதான் மிஞ்சும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் சூட்டில் இரும்பைவிடப் பல மடங்கு விரிபவை. 12 சென்டிமீட்டர் கைப்பிடி 40 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளக்கூடும். உள்ளிருக்கும் இரும்புக் குழாயோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். அந்த மயிரிழை இடைவெளி அடைபட்டதும் ரப்பரின் விளிம்பு முனை எடையின் மேல் அழுந்தி, ஆக்சிலரேட்டரை மூடும் சுருள்வில்லின் இழுவிசையையே மிஞ்சும் அளவுக்குப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது சந்தேகம் ஒட்டுப்பசை. தரக்குறைவான பசை தொடர்ந்து சூடேறும்போது இளகிவிடுகிறது. அதன்பின் கையின் அழுத்தத்தில் ரப்பர் சிறிது சிறிதாக உட்பக்கம் நகர்ந்து சுவிட்ச் பெட்டியை உரசத் தொடங்கும். கைப்பிடியை இறுகப் பற்றி முறுக்கும்போது ரப்பர் மட்டும் நழுவுகிறதா என்று பாருங்கள். நழுவினால் அது தனி ஆபத்து. உள்ளிருக்கும் மின்கம்பியும் அறுந்துபோகலாம்.

சோதனையை எஞ்சினை இயக்காமலேயே செய்யலாம். ஒரு ஜோடி கைப்பிடி சுமார் 4 ஆம்பியர், அதாவது 50 வாட் அளவுக்கு இழுக்கும் என்பதால், பேட்டரியில் சார்ஜரை மாட்டிவிட்டுச் சூட்டை முழு அளவில் வையுங்கள். கையுறையையோ கனத்த துணியையோ போர்த்தி வைத்தால் விரைவில் சூடேறும். கைப்பிடி இறுகியதும் முனை எடையை மட்டும் கழற்றிப் பாருங்கள். உடனே விடுபட்டால் விடை கிடைத்துவிட்டது. விடுபடாவிட்டால் சுவிட்ச் பெட்டியின் திருகுகளைச் சற்றே தளர்த்துங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் கேபிளைக் கொக்கியிலிருந்து விடுவிக்க வேண்டும்.

மறுமொழி: வடதிசை, ஒஸ்லோ

என் வண்டியில் ஏற்பட்டது இதற்கு மாறானது. தேடி வருவோருக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன். வலது கைப்பிடியின் மின்கம்பி ஆக்சிலரேட்டருடன் சேர்ந்து சுழல வேண்டும். என்னுடையதில் அது பிரேக் எண்ணெய்க் குடுவையின் அடியில் இறுக்கமாகச் சென்றது. குளிரில் கம்பியின் உறை விறைத்து, சுருள்வில் போலக் கைப்பிடியைத் திறந்த நிலைக்கே தள்ளியது. கம்பியைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி, முழுதாக முறுக்கினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டியபின் சரியாயிற்று.

மறுமொழி: பழைய நாலு சிலிண்டர்

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கைப்பிடியைக் கழற்றத் தொடங்க வேண்டாம். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் வெப்பம் வெகுவாகக் குறைவதால், வெளியே 0 முதல் 10 டிகிரிவரை இருந்து காற்றில் ஈரமும் மிகுந்த நாட்களில், உள்ளே பனி படிந்து வால்வைப் பிடித்துக்கொள்வதுண்டு. வண்டியை நிறுத்திய சில நிமிடங்களில் எஞ்சின் சூட்டில் பனி உருகிவிடும். மெக்கானிக்கிடம் காட்டும்போது ஒன்றுமே இருக்காது. கைப்பிடிச் சூட்டை இயக்கும் காலமும் இதுவே என்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

குளிர்ப்பயணி: பர்மிங்ஹாம் அண்ணன் சொன்னபடியே செய்தேன். சூடேறி இறுகியிருந்த கைப்பிடி, முனை எடையைக் கழற்றியவுடன் சட்டென்று திரும்பியது. எடையின் உட்புறத்தில் ரப்பர் உரசிய பளபளப்பான வளையம் தெளிவாகத் தெரிகிறது. ரப்பர் நழுவவில்லை. அதன் விளிம்பைக் கத்தியால் சற்றுச் சீவிவிடலாமா?

மறுமொழி: பட்டறைக் கை, பர்மிங்ஹாம்

சீவ வேண்டாம். சூடேற்றும் இழை விளிம்புக்கு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. எடைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே 1 அல்லது 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள துருப்பிடிக்காத எஃகு வாஷரைச் செருகுங்கள். அதன் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது. பெரிதானால் பிளாஸ்டிக் குழல் வாஷரையே உரசும். திருகின் புரிகள் போதிய அளவு உள்ளே இறங்குகின்றனவா என்று பார்த்து, திருகுப் பூட்டுப் பசையிட்டு இறுக்குங்கள். இந்தச் சாலைகளில் கொட்டும் உப்பு உள்ளே புகுந்திருக்கும். ஆகவே சுவிட்ச் பெட்டியையும் திறந்து, குழலை உருவியெடுத்துத் துடைத்துவிட்டு உலர்வாகவே மாட்டுங்கள். கிரீஸ் தடவினால் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மாட்டியபின் கைப்பிடியில் 2 முதல் 6 மில்லிமீட்டர்வரை வெற்று அசைவு, அதாவது கேபிள் இழுபடத் தொடங்குமுன் உள்ள தளர்வு, இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பிறகு திறந்தவெளியில், நியூட்ரலில், எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். வேகம் கூடவே கூடாது.

குளிர்ப்பயணி: 1.5 மில்லிமீட்டர் வாஷர் போட்டாயிற்று. குழலுக்குள் உப்பும் கரிய பசையுமாக இருந்ததைத் துடைத்து எடுத்தேன். முழுச் சூட்டில் வைத்தும் எந்த நிலையிலிருந்தும் கைப்பிடி தானாக மூடுகிறது. ஹேண்டிலைத் திருப்பும்போது ஐட்லிங் மாறவில்லை. மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி.