ஓ.பி.எம். கார்புரேட்டர்: கழற்றும் முன்னும் பின்னும்

படகின் பின்னால் மாட்டும் ஓ.பி.எம். (அவுட்போர்டு மோட்டார்) சோக் இழுத்தால் ஓடும், சோக்கை உள்ளே தள்ளியதும் நின்றுவிடும், ஆனால் ஆக்சிலேட்டர் கூட்டினால் நன்றாகவே இழுக்கும். இப்படி இருந்தால் பைலட் ஜெட்தான் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் ஜெட்) அடைத்திருக்கும். இருப்பதிலேயே சிறிய துளைகளில் ஒன்று அது; பவுலில் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) பெட்ரோல் காய்ந்து பிசின் பிடித்தால் முதலில் அதுதான் மூடும். ஐடிலிங் ஒழுங்காக இருந்து முழு வேகத்தில் மட்டும் திணறினால், அந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆயில் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

* * *

மேலே சொன்னதோடு இன்னும் ஒன்று. திணறும்போது பல்பை (பெட்ரோல் டியூப்பில் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை) அமுக்கிப் பாருங்கள். இன்ஜின் உடனே தெளிந்தால் கார்புரேட்டரைக் கழற்றவே வேண்டாம். டேங்க் மூடியின் காற்றுத் திருகு, பில்டர், டியூப், பம்ப் டயப்ரம் இவற்றில்தான் கோளாறு.

* * *

கழற்றுகிறவர்களுக்கு: லிங்க், டியூப் இருக்கும் நிலையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பைலட் ஸ்குரூவை (ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் திருகு) எடுக்கும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எழுதி வையுங்கள். திரும்பப் போடும்போது அந்த அளவுதான் கணக்கு. இறுக்கினால் முனை நசுங்கும், அப்புறம் ஐடிலிங் பிடிக்காது. கிளீனர் அடிப்பதற்கு முன் மிதவை, ஓரிங், கேஸ்கெட் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். ரப்பர் ஊதிப்போகும்.

ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள். ஜெட் பித்தளை, கம்பி இரும்பு. துளை கொஞ்சம் அகன்றாலும் பெட்ரோல் கூடி பிளக் கறுக்கும். மெல்லிய தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) போதும், பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடியுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு அது உட்காரும் பாதையை விட்டுவிடுகிறார்கள். பல இன்ஜின்கள் ரிப்பேருக்குத் திரும்ப வருவது இதனால்தான். கிளீனரை ஒரு துளையில் அடித்தால் மறு துளையில் வர வேண்டும்.

பவுலில் வெள்ளைப் பொடி இருந்தால் தண்ணீர் புகுந்து அலுமினியம் அரித்திருக்கிறது. பாதைக்குள்ளேயே அரிப்பு விழுந்திருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

* * *

பெட்ரோல் வழிகிறதா? நீடில் வால்வின் (பவுலுக்குள் பெட்ரோல் வருவதை மிதவை மூடித் திறக்கும் ஊசி) கூம்பில் வளையமாகத் தேய்மானம் இருக்கும். பெட்ரோல் வரும் குழாயில் வாயால் ஊதுங்கள்: கார்புரேட்டர் நேராக இருக்கும்போது காற்று போக வேண்டும், கவிழ்த்தால் நிற்க வேண்டும். மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை.

* * *

மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள் கரைக்கு வரும் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றுங்கள். பவுலில் மண்ணெண்ணெய் நின்றால் மறுநாள் குளிர் இன்ஜின் எழும்பாது, படிவும் அதிகம். மீன்பிடித் தடைக்காலம் போல வாரக்கணக்கில் நிறுத்தும்போது டியூப்பைக் கழற்றி ஓடவிட்டு நிறுத்துவது மட்டும் போதாது, அடியில் கொஞ்சம் தங்கும். வடிகால் திருகைத் திறந்து பாட்டிலில் பிடித்துவிடுங்கள். கழுவ இன்ஜினை ஓட்டும்போது இன்ஜினின் கீழ்ப்பகுதி டிரம்மில் உள்ள தண்ணீரில் முங்கியிருக்கட்டும், இல்லையென்றால் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் கருகும்.