‘வலைத்திரட்டல்’ வேண்டாம், ‘பகிர்திரள்வு’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு, மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து வணக்கம்.

சமூக ஊடகம் வழியாக ஊர்ப்புற மக்கள் அரசியலுக்காக ஒன்றுகூடுவதைக் குறிக்க, நம் கலைச்சொல் உரையாடலில் ஐயா ‘வலைத்திரட்டல்’ என்று முன்வைத்தார். இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. தரவு திரட்டுகிறோம், நிதி திரட்டுகிறோம், வலைப்பதிவுகளைத் தொகுக்கும் தளத்துக்கும் ‘திரட்டி’ என்றே பெயர். அந்த வரிசையில் மனிதர்களையும் வைக்க வேண்டுமா?

அதைவிடப் பெரிய சிக்கல் வினையில் இருக்கிறது. திரட்டு பிறவினை, திரள் தன்வினை. திரட்டுவதற்கு மேலே ஒருவர் வேண்டும். தோட்டத்துப் பெரட்டு (தொழிலாளர்களின் காலை ஆள் கணக்கெடுப்பு) அப்படித்தான்: விடியுமுன் வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக இண்ட்ராப் இயக்கம் நடத்திய பேரணிக்கு வந்தவர்கள் அப்படியா வந்தார்கள்? அழைப்பு தலைவர்களிடமிருந்து வந்தது, உண்மைதான். ஆனால் கோயிலில் கேட்டதை வீட்டில் சொல்லி, குறுஞ்செய்தியில் அனுப்பி, சாலைத் தடுப்புகளையும் தாண்டி வந்தவர்கள் தாமாகவே திரண்டவர்கள்.

2022 பொதுத்தேர்தலின்போது செபராங் பிறையில் என் பெரியம்மா வீட்டில் இருந்தேன். 18 வயதுப் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை கிடைத்து நடந்த முதல் பொதுத்தேர்தல் அது. பேத்தி டிக்டாக்கில் பார்த்ததைப் பாட்டிக்குக் காட்டினாள். பெரியம்மாவோ எழுத்தைத் தொடவே மாட்டார், புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வரும் குரல்பதிவுதான் அவருக்கு எல்லாம். கவனியுங்கள், அந்தக் குழு தீமிதித் திருவிழாவுக்காக ஆரம்பித்தது. யார் காரில் யார் ஓட்டுப் போடப் போவது என்பதும் அதிலேயே முடிவானது. கட்சிக்காரர் ஒருவரும் உள்ளே இல்லை.

அதனால் ‘பகிர்திரள்வு’ என்று சொல்லலாமா? முதலில் ‘இணையத்திரள்வு’ என்றுதான் எழுதினேன். ஆனால் 2007இன் குறுஞ்செய்தி இணையம் ஆகாதே! ‘பகிர்’ என்றால் குறுஞ்செய்தி, குரல்பதிவு, காணொளி எல்லாம் அடங்கும். சமூக ஊடகப் பொத்தானிலும் அதே சொல்தான் இருக்கிறது. செய்தியாளர்கள் ‘பகிர்ந்து திரண்டனர்’ என்று சிரமமில்லாமல் எழுதலாம். வினைத்தொகை என்பதால் நடுவில் ‘த்’ வராது. இதை மட்டும் கலைச்சொல் பட்டியலில் குறித்துவிட வேண்டும், இல்லையென்றால் ‘பகிர்த்திரள்வு’ என்று அச்சாகிவிடும்.

கட்சி ஆள் வைத்து, காசு கொடுத்து நடத்துவதற்கு ‘அணிதிரட்டல்’ என்ற பழைய சொல்லே இருக்கட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் பெரியம்மாவின் குழுவுக்கும் கட்சி அலுவலகத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும்.

ஐயா உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். ‘திரள்வு’ காதுக்கு உறுத்துகிறது என்றால் ‘பகிர்திரளல்’ எனக்குச் சம்மதமே.