உயிர்ப் பிளாஸ்ரிக்: ஒரு சொல்லோ, இரண்டோ?

கிளிநொச்சி, இரசாயனவியல் ஆசிரியை:
உயர்தர வகுப்புக்கான பசுமை இரசாயனவியல் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அனஸ்ராஸும் வோர்னரும் 1998இல் தந்த 12 தத்துவங்களில் ஏழாவது, மூலப்பொருள் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கவேணும் எண்டுது. பத்தாவது, பாவிச்சு முடிஞ்ச பொருள் தீங்கில்லாமல் பிரிந்தழியவேணும் எண்டுது. "உயிர்ப் பிளாஸ்ரிக்" எண்ட சொல் ரெண்டையும் போட்டுக் குழப்புது. பிரேசிலில் கரும்பு எதனோலில் செய்யிற பொலித்தீன் உக்காது. பீ.பீ.ஏ.ரி எண்ட பிளாஸ்ரிக் வழமையாகப் பெற்றோலியத்தில இருந்து வாறது, ஆனால் உக்கும். எனக்கு ரெண்டு சொல் வேணும்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளை, இரண்டாவதுக்கு "மட்கும்" எண்டு போடுங்கோ. மண் + கு = மட்கு. மண்ணாதல் எண்டதே பொருள். மண் + குடம் மட்குடம் ஆகேல்லையோ? ண், னவுக்குப் பின்னால வல்லினம் வந்தால் ட், ற ஆகும் எண்டு நன்னூலும் சொல்லுது: "ணன வல்லினம் வரட் டறவும்."

முல்லைத்தீவு, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அந்தச் சூத்திரம் வேற்றுமைப் புணர்ச்சிக்கு. அதை வைச்சு வினையடி பிறப்பிக்க ஏலாது. மட்குதலுக்கு ஒளி மங்குதல் எண்ட பொருளும் இருக்கு, விளக்கு எப்ப மண்ணாச்சுது? எங்கட சனத்தின்ர வாயில இருக்கிறது உக்கிறதுதான்.

ஆசிரியை:
"உக்கும்" சரி. ஆனால் எங்கை உக்கும் எண்டதையும் சொல்லவேணும். சோளமாவில தொடங்கிச் செய்யிற பொலிலக்ரிக் அமிலக் கோப்பை, 60 பாகை செல்சியஸ் அளவில் கூட்டெரு ஆக்கிற ஆலையில் சில மாதத்தில் போயிடும். வளவுக் கிடங்கில தாட்டால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். முதலாவதுக்கு "உயிர்மூல" எண்டு எழுதிப் பார்த்தன். மூலம் எண்டதும் பின்வாங்கு சிரிக்குது. "விளைவழி" போடட்டோ?

பரந்தன், முன்னாள் தொழிற்சாலை ஊழியர்:
ஆனையிறவில உப்பும் விளையுதுதானே, ரீச்சர்? அந்த உப்புக் கரைசலை மின்பகுத்துத்தான் பரந்தனில கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் எடுத்தது. பீ.வீ.சீ பல்பகுதியத்தின்ர திணிவில ஏறக்குறைய 57 சதவீதம் குளோரீன். அப்ப அதுவும் அரைவாசிக்கு மேல விளைவழி!

மொழிபெயர்ப்பாளர்:
அண்ணையின்ர நக்கலிலயும் நியாயம் இருக்கு. "உயிர்வழி" எண்டு போடுவம்.

அறிவியல்நகர், விவசாயபீட மாணவர்:
சுவட்டு எண்ணெயும் ஒருகாலத்து உயிர்தானே? வித்தியாசம் காபனின்ர வயதில. காபன்-14இன் அரைவாழ்வு 5,730 வருசம். பெற்றோலியத்தில அது எப்பவோ முடிஞ்சுது, நேற்று வெட்டின கரும்பில இருக்கு. ஒரு பிளாஸ்ரிக்கில் எவ்வளவு காபன் தாவரத்தால வந்தது எண்டு அளக்கிறதே இதை வைச்சுத்தான். "இளங்காபன்" எண்டால் பொருத்தம்.

தமிழாசிரியர்:
நல்ல சிந்தனை, தம்பி. காபன் எதுக்கு? "இளங்கரி."

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, செய்யுளில கரி யானையுமெல்லோ? ஒட்டுசுட்டான் பக்கம் "இளங்கரிப் பொருட்கள்" எண்டு பலகை நட்டால் சனம் யானைவெடி தேடி ஓடும்.

ஆசிரியை:
இண்டைக்கு வியாழன். "உயிர்வழிப் பிளாஸ்ரிக்", "உக்கும் பிளாஸ்ரிக்" எண்டு அச்சகத்துக்குக் குடுத்திட்டன். மறுப்புச் சொல்லாதவையைச் சம்மதம் எண்டு எடுத்தன். காபன் வயதைத் தம்பியின்ர சொல்லோட அடிக்குறிப்பில போட்டிருக்கு.

தமிழாசிரியர்:
"மட்கும்" அடைப்புக்குறிக்குள்ளயாவது வந்திருக்கலாம். அது நிக்கட்டும். பரந்தன் தம்பி, குளோரீனுக்குப் "பாசிகம்" எண்டு ஒரு சொல் இருக்கு. அதிலயும் எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு விரிவா எழுதுறன்.