மண்பானைத் தண்ணீரில் சிபியூவைக் குளிர்விக்கலாமா?

கேள்வி:
கணினியின் சிபியூ ரைசன் 5 5600, செம்பு வாட்டர் பிளாக் (சிபியூ மேல் பொருத்தும், உள்ளே நீர் ஓடும் உலோகக் கட்டி). ரேடியேட்டருக்குப் பதிலாக 20 லிட்டர் மண்பானை வைத்து, ஏர்கூலரின் 18 வாட் பம்பை அதற்குள் போட்டு, தண்ணீரை நேராக பிளாக்குக்கு ஏற்றலாம் என்று திட்டம். சென்னை, ஏசி இல்லாத அறை. தினமும் 4 மணி நேரம் ரெண்டரிங் (சிபியூ முழுவேகத்தில் ஓடும் வீடியோ வேலை). தாங்குமா? வெயில் நாளில் ஐஸ் போடலாமா?

பதில் 1:
தாங்கும், ஆனால் கணக்குக்குள் நிற்க வேண்டும். சிபியூ முழு லோடில் 76 வாட், பம்போடு 94. 20 லிட்டர் நீர் 1 டிகிரி ஏற 84 கிலோஜூல் வேண்டும். ஆக, மணிக்கு 4 டிகிரி ஏறும். 1 லிட்டர் ஆவியானால் சுமார் 670 வாட்-மணி வெப்பம் போகும். உங்கள் தேவை நாளுக்கு 94 × 4 = 376 வாட்-மணி. முதலில் பானையை நிரப்பி, எடை போட்டு, 24 மணி நேரம் கழித்து மறுபடி போடுங்கள். 600 கிராமாவது குறைந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் இதே பானை பாதி வெப்பத்தைக்கூட இழுக்காமல் போகலாம், அதனால் அப்போதும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

பதில் 2:
கணக்கு சரி, இணைப்புதான் தப்பு. பானை நீரை பிளாக்குக்குள் விடவே விடாதீர்கள். உள்ளே முடி அளவு இடுக்குகள். மண்துகளும் உப்பும் பாசியும் சில வாரத்தில் அடைத்துவிடும். 230 வோல்ட் பம்பின் சீல் விட்டால், அதே நீர் வழியாக மின்சாரம் கேபினெட் வரை வரும்.

ஏசி மெக்கானிக்குகள் வாங்கும் 3/8 அங்குல மெல்லிய செம்புக் குழாய் 5 மீட்டர் எடுத்து, சுருளாக்கிப் பானையின் அடியில் வையுங்கள். மேலே வைத்தால் மேல்நீர் மட்டும் சூடாகி நின்றுவிடும். பானையின் வாய் வழியே சுருள் நுழையுமா என்று முன்பே பாருங்கள். சுருள், பிளாக், 12 வோல்ட் டி5 பம்ப் (கணினி வாட்டர் கூலிங்குக்கான வகை), சிறு டேங்க் எல்லாம் தனி மூடிய சுற்று. அதில் டிஸ்டில்டு வாட்டரும், செம்புக்கு ஏற்ற அரிப்புத் தடுப்பானும். அலுமினியப் பாகம் ஒன்றுகூடச் சேரக் கூடாது. செம்போடு சேர்ந்தால் அரித்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
குழாயை வளைக்கும்போது நசுங்குமே? ஹோஸ் என்ன அளவு?

பதில் 2:
பெண்டிங் ஸ்பிரிங் (குழாய் நசுங்காமல் தாங்கும் சுருள்கம்பி) போட்டு வளையுங்கள். மணல் நிரப்பி வளைத்தால் ஒரு மணல் துகள்கூட உள்ளே தங்கக் கூடாது. ஹோஸ் உள்விட்டம் 8 மி.மீ.; நுனியை வெந்நீரில் நனைத்து ஏற்றி, கிளாம்ப் போடுங்கள். பிறகு பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ வைத்து, 24 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

பதில் 3:
ஐஸ் வேண்டாம். 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 27 டிகிரி. நீர் அதற்குக் கீழே இறங்கினால் பிளாக் வியர்த்து, சிபியூ சாக்கெட்டில் சொட்டும். வெறும் பானையில் இந்தப் பயம் இல்லை: ஆவியாதல் எவ்வளவு குளிர்வித்தாலும் அந்த அறையின் பனிநிலைக்குக் கீழே போகாது. பானையும் கணினியும் ஒரே அறையில் இருக்கட்டும்.

போர் தண்ணீர் ஊற்றினால் வெளியே உப்புப் பூத்து நுண்துளை அடைபடும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு படக் கூடாது. பானை கசியும் என்பதால் ஸ்பைக் பஸ்டரைத் தரையில் வைக்காதீர்கள்.