காட்டுத்தீ அபாயப் பகுதியில் மீண்டும் வீடு கட்டுவது ஏன்?

கேள்வி: 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரில் 85 பேரைப் பலிகொண்டு, 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்த காட்டுத்தீக்குப் பிறகும் அங்கேயே மக்கள் வீடு கட்டுவதைப் பொருளாதார நோக்கில் எவ்வாறு விளக்குவது?

மறுமொழி 1: கடலோர நகரங்களில் வீட்டு விலை கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பதே முதற்காரணம் என்பேன். ஓய்வு பெற்றோரும் குறைந்த வருவாயினரும் மலையடிவார ஊர்களையே நாடுகின்றனர். தீயணைப்புச் செலவின் பெரும்பகுதியை மாநில அரசும் நடுவண் அரசும் ஏற்பதால், அபாயத்தின் உண்மையான விலை வீட்டு விலையில் வெளிப்படுவதில்லை.

மறுமொழி 2: காப்பீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1988-இல் கலிபோர்னிய வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் ஏற்றுச் சட்டமாக்கிய 103-ஆம் முன்மொழிவின்படி, காப்பீட்டுக் கட்டண உயர்வுக்கு மாநில அரசின் முன் அனுமதி தேவை. கட்டணத்தைக் கணிக்கக் கடந்தகால இழப்புகளே நெடுங்காலம் அடிப்படையாக இருந்ததால், பெருகிவரும் அபாயத்துக்கு ஈடாகக் கட்டணம் உயரவில்லை, நிறுவனங்கள் பின்வாங்கின. வேறு வழியற்றோர் 1968-இல் உருவான, கட்டணம் மிகுந்தும் பாதுகாப்பு குறைந்தும் உள்ள ஃபேர் என்னும் கடைசிப் புகலிடக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்கின்றனர்.

மறுமொழி 3: கட்டுமான விதியும் முக்கியமானது. பல வீடுகள் நேரடிச் சுடரால் அன்றி, காற்றில் பறந்துவரும் தீப்பொறிகள் கூரைக்கடியிலுள்ள காற்றுத் துளைகளில் புகுவதால் எரிகின்றன. 2008-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் அத்துளைகளுக்குப் பாதுகாப்பான வலையையும் எளிதில் தீப்பற்றாத கூரையையும் கோருகின்றன. ஆயினும் அவை புது வீடுகளுக்கே பொருந்தும். பழைய வீடுகளைச் சீரமைக்க ஏழைகளுக்கு மானியம் வழங்குவதே இன்றைய அவசரத் தேவை.