புதுப்பிப்பு: நிலாவெளி வீதி டைம்லாப்ஸ் சரிவந்துவிட்டது

போன கிழமை கேட்டிருந்தேன்: திருகோணமலையிலிருந்து நிலாவெளி வரை சைக்கிளில் போகும்போது போன் சில நொடிக்கு ஒன்றாக எடுத்த படங்களை டைம்லாப்ஸாக, அதாவது வேகமாக ஓடும் வீடியோவாகக் கோர்த்தால், அது மினுங்குகிறது, குதிக்கிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் காலை திரும்பவும் சைக்கிள் ஓடிப் பார்த்தேன்.

மினுக்கத்துக்குக் காரணம் பனைமர நிழல்தான். ஒவ்வொரு நிழலுக்கும் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்திருக்கிறது. இந்த முறை ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் மூன்றும் தானாக மாறாமல் பூட்டி, ஷட்டரை (ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரத்தை) 1/1000 நொடியில் வைத்தேன். மினுக்கம் போயே போய்விட்டது.

குதிப்புக்குப் படங்களுக்கு நடுவிலான இடைவெளிதான் காரணம். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் 2 நொடிக்கு ஒரு படம் என்றால் நடுவில் 10 மீற்றர் காணாமல் போகிறது! 1 நொடியாக்கினேன். 50 நிமிடத்தில் 3000 படங்கள். நொடிக்கு 25 வீதம் கோர்க்க, சரியாக 2 நிமிட வீடியோ.

ஹாண்டிலில் போன் பிடிக்கும் கிளிப்புக்கு அடியில் பழைய டியூப் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றினேன். அதிர்வு நன்றாகக் குறைந்தது. மிச்ச ஆட்டத்தை எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருளில் ஆட்டம் குறைக்கும் விட்ஸ்டாப் (vidstab) வடிகட்டி எடுத்துவிட்டது. அது ஓரங்களை வெட்டும், அதனால் படத்தைப் பெரிய அளவிலேயே எடுங்கள்.

வழியில் சாம்பல்தீவுப் பாலத்தில் தண்ணீர் பளீரென்று விரியும் அந்தச் சில நொடிகளை எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது. அடுத்து, கோணேசர் கோயில் ஏற்றம்.