காரின் உயரத்தைக் குறைத்து வண்டியை இறக்கலாமா? செய்தவர்களும் செய்யாமல் விட்டவர்களும் சொல்லுங்கள்

சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளி என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் வாங்கி மாட்டினேன். ஷாக் அப்சார்பர் நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதையே விட்டுவிட்டேன்.

தனியாக ஓட்டும்போது அருமையாக இருந்தது. வளைவில் வண்டி சாய்வது நன்றாகக் குறைந்தது. அப்புறம் ஒரு நாள் வீட்டார் 5 பேர், டிக்கி நிறைய பைகள். சின்னப் பள்ளத்துக்கே பின்பக்கம் 'டக்'கென்று முட்டியது. ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் போய் இடித்த சத்தம் அது. ஸ்பிரிங் அமுங்க இடமே மிச்சமில்லை. பின்சீட்டில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அன்றே மனசு விட்டுப்போனது.

டயரும் போனது. வெளிப்பக்கம் புதுசு போல இருந்தது. வண்டியைத் தூக்கியபோதுதான் உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது தெரிந்தது. இறக்கினால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மாறும், டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். எல்லோரும் கேம்பரைத்தான் சொல்வார்கள், ஆனால் டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோதான். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டியது என் தவறு. இப்போது பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிவிட்டேன்.

*

அண்ணா, அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கும் சங்கடமாகிவிட்டது. நான் அளந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அளப்பது எளிது. ஷாக்கின் தூசி உறையை மேலே ஏற்றி, தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டுங்கள். தள்ளினால் நகர வேண்டும், தானாக நழுவக் கூடாது. அதைக் கீழே ஷாக்கின் உடலை ஒட்டி வைத்து, உறையை இறக்கிவிட்டு, ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு வழக்கமான சாலையில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ஷாக் அமுங்கும்போது டையை மேலே தள்ளிவிடும். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே எஞ்சியிருப்பதுதான் உங்கள் கையிருப்பு.

என் வண்டியில் பின்னால் 20 மி.மீ. கூட இல்லை. நான் 30 இறக்க நினைத்திருந்தேன்! ஸ்பிரிங் கடினமாக இருந்தால் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் முழுவதையும் அல்ல.

*

நான் இறக்கினேன், இன்றும் சந்தோஷமாக ஓட்டுகிறேன். 25 மி.மீ. மட்டும்தான். அந்த ஸ்பிரிங்குக்குப் பொருத்தமான ஷாக்கையும் சேர்த்தே மாற்றினேன். மெக்கானிக்கிடம் ஒன்று மட்டும் கறாராகச் சொன்னேன்: சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் தொங்கும்போது இறுக்க வேண்டாம், சக்கரம் எடையைத் தாங்கி நிற்கும்போது இறுக்குங்கள் என்று. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங் படிந்ததும் அலைன்மென்ட் பார்த்தேன், ஹெட்லைட் உயரத்தையும் சரிசெய்தேன்.

தம்பிமாரே, செலவு மிச்சம் என்று ஸ்பிரிங்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள். சக்கரம் முழுசாகத் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டே விலகலாம்.